கையைத் திறந்தால் போதும்

கேப்டன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கப்பலும் கிடையாது, பட்டாளமும் கிடையாது. குளியலறைக் குழாய் விற்கிறவர். கோல்ஃப் கிளப்பில் வருஷத்துக்கு ஒருவரைக் கேப்டன் என்று தேர்ந்தெடுத்துச் சுவரில் படம் மாட்டுவது வழக்கம். இவர் படம் மாட்டிய பிறகு ஆணியைக் கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை, அல்லது தைரியம் வரவில்லை. வீட்டில் சம்சாரம்கூட கேப்டன் என்றுதான் கூப்பிடுவாளாம். வேறு பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்க மாட்டாராம்.

அவருடைய பையைத் தூக்குகிறவனுக்கு ஆமாசார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு ஏதோ.

"ஏம்ப்பா, மழை வரும்போல இருக்கே?"

"ஆமா சார், வரும்."

"இல்ல, காத்து தள்ளிட்டுப் போயிரும்."

"ஆமா சார், தள்ளிரும்."

இப்படிப் பேசிப் பேசியே பழைய பெயர் தேய்ந்து இது நிலைத்துவிட்டது. அவனுக்கு அதில் வருத்தம் இல்லை. கூப்பிடுகிறார்களே, அது போதும்.

ஆமாசாரின் பெண்டாட்டி அதே கிளப்பில் புல் வெட்டுகிறவள். மெஷின்காரி. கிளப் சமையல்கட்டில் தட்டு கழுவத்தான் முதலில் வந்தாள். மெஷின் ஓட்டுகிறவன் முதுகு பிடித்துப் படுத்த ஒரு நாள், வெட்ட ஆள் இல்லாமல் செக்ரட்டரி கையைப் பிசைந்துகொண்டு நிற்க, இவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்தாள். இறங்கவே இல்லை. தட்டு கழுவுகிற இடத்தில் ஜன்னல் கிடையாது. மெஷின் மேலே உட்கார்ந்தால் ஆகாயம் மொத்தமும் கிடைக்கும். அந்தச் சுகம் கண்டவளை இறக்குவது சுலபமா?

வெளிச்சம் வருவதற்கு முன்பே எழுந்துவிடுவாள். பனி விழுந்த புல்லில் வெட்டினால் கத்தியில் பச்சை மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். அதை ஒரு மரச் சீவலால் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டும். இரும்பால் சுரண்டினால் கத்தி கெட்டுவிடும். குழி இருக்கிற வழவழப்பான திட்டுக்குக் கிரீன் என்று பெயர். அதைக் கம்பளம் மாதிரி ஒட்ட வெட்டுவாள். போகிற வரி வெளிர், வருகிற வரி கறுப்பு. பார்க்கிறவர்கள் ஏதோ பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். கிரீனைச் சுற்றி ஒரு பட்டையாகப் புல்லை வெட்டாமல் நீளமாக விடுவது உண்டு. முகத்தை மழித்து மோவாயில் மட்டும் விட்டுவைத்த மாதிரி. அதனால் வேலைக்காரர்கள் அதற்குத் தாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். பந்து தாடிக்குள் விழுந்தால் தெரிந்தது கதை. வேர் வரைக்கும் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். குழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், பந்து வெளியே வராது. ஓங்கி அடித்தால் புல் மட்டையின் கழுத்தைப் பிடித்துத் திருகும். மெல்ல அடித்தால் பந்து திரும்பிக்கூடப் பார்க்காது.

கேப்டனுக்குப் பெருமையே அந்தத் தாடிதான்.

"நீளப் புல்லுல இருந்து பந்தைத் தூக்கிப் போடுறதுல என்னைத் தோற்கடிக்க இங்க ஆள் இருந்தா வரச் சொல்லு" என்பார் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து. கரண்டிதான் மட்டை, உருளைக்கிழங்குதான் பந்து. "மட்டையோட முகத்தைத் திறந்து வைக்கணும். எடையை முன்காலுக்குத் தள்ளணும். புல்லைப் பாத்துப் பயப்படக் கூடாது. நெஞ்சுல தைரியம் இருக்கிறவன் அடிக்கிற அடி இது."

"ஆமா சார்" என்பான் பின்னால் நிற்கிறவன்.

பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு குழி உண்டு. வேலைக்காரர்கள் குடியிருப்புக்குப் பக்கம். அந்தப் பக்கம் யாரும் வேடிக்கை பார்க்க வர மாட்டார்கள். மத்தியானங்களில் கேப்டன் அங்கே போய்த் தாடியில் பழகுவார். ஆமாசார் பந்தை ஒவ்வொன்றாகப் புல்லில் போடுவான், அவர் அடிப்பார். ஒவ்வொன்றும் புறா மாதிரி எழும்பிக் கிரீனில் மெத்தென்று இறங்கும். பல மாதம் இப்படி. அதில் வந்த தெம்பில்தான் வருஷப் போட்டிக்கு முன்னால் செக்ரட்டரியைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார்.

"கடைசிக் குழியில தாடியை வெட்ட வேண்டாம்னு அந்தம்மாகிட்ட சொல்லிரு. நல்லா வளரட்டும். யாரு ஆட்டக்காரன், யாரு சும்மா நடந்துட்டுப் போறவன்னு அங்க தெரிஞ்சுரும்."

தெரிந்துவிட்டது.

போட்டியன்று தூறிக்கொண்டிருந்தது. கிளப்பில் துண்டு துவைக்கிற அறை, கடைசிக் குழிக்கு நேர் எதிரே. ஆமாசாரின் அக்காவுக்கு அங்கேதான் வேலை. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். அன்றைக்கு மெஷின்காரிக்கு வெட்டுகிற வேலை இல்லாததால் அவளும் அங்கே போய்த் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஜன்னல்.

"யாரு ஜெயிக்கிறாங்க அண்ணி?"

"ரெண்டு பேரும் சமமாம். பல் டாக்டரம்மா பந்து கிரீனுக்கு வந்துருச்சு. உங்க கேப்டன் பந்து எங்கன்னு தெரியல."

"நம்ம கேப்டன்னு சொல்லுங்க. எனக்கு மட்டும் எழுதியா குடுத்துருக்கு?"

"ஆங், தாடிக்குள்ள போயிருச்சு. என் தம்பி குனிஞ்சு தேடுறான் பாரு. கண்ணாடி தொலைச்ச மாதிரி."

"அப்ப ஜெயிச்சுட்டாருன்னு வைங்க. அங்கதான அவரு பெரிய ஆளு."

கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கிளப் மாடத்தில் குடையும் கோப்பையுமாக நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார். முகத்தைத் திறந்து வைத்தார், எடையை முன்காலுக்குத் தள்ளினார், தைரியமும் நெஞ்சில் இருந்திருக்கும். அடித்தார்.

"என்னம்மா, புல்லு மட்டும் பறக்குது?"

"பந்து அங்கயேதான் இருக்கு அண்ணி."

"திருப்பி அடிக்கிறாரு. ஐயய்ய. இந்தத் தடவை தொப்பியும் பறந்துருச்சு."

"பேசாம இருங்க. எண்ண விடுங்க."

"எண்ணாதம்மா. பாவம்."

அப்புறம் ஒரு அடியில் பந்து வெளியே வரத்தான் வந்தது. கிரீன் மேலே ஓடி, அந்தப் பக்கத்துத் தாடிக்குள் புகுந்துகொண்டது. மாடத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். அந்தப் பக்கம் போயும் அதே வெட்டு, அதே கொத்து. நடுவில் ஆமாசார் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினான். பல் டாக்டரம்மா குடையைப் பிடித்தபடி கொட்டாவியை அடக்கிக்கொண்டு நின்றாள். கொட்டாவியை அடக்குவதை எல்லோரும் பார்க்கும்படி அடக்கினாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு பொம்பிளையிடம் தோற்ற கேப்டன் இந்தக் கிளப்பில் அதுவரை கிடையாது.

சாயங்காலம் ஆமாசார் வீட்டுக்கு வந்தபோது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வீடு என்றால் பம்ப் ஷெட்டை ஒட்டின இரண்டு அறை. பம்ப் ஓடும்போது அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும். அக்கா, காயாத துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து நாற்காலி முதுகில், கட்டில் மேல், கதவில் எல்லாம் விரித்துப் போட்டிருந்தாள். மேஜையில் காய்ந்தவை அடுக்காக இருந்தன. மெஷின்காரி அடுப்பில் உருளைக்கிழங்கும் முட்டையும் வேக வைத்துக்கொண்டிருந்தாள்.

"தலையைத் துவட்டுங்க. துண்டுக்கா பஞ்சம்?"

அவன் துவட்டவில்லை. நின்றான்.

"என்னடா தம்பி, உன்னையுமா புல்லு புடிச்சு வச்சிருக்கு?" என்றாள் அக்கா.

"செக்ரட்டரி ஐயா சொல்லச் சொன்னாரு" என்றான். "நாளைக்குக் காலையில இவளை ஆபீசுக்கு வரச் சொன்னாரு. விசாரணை."

"எதுக்கு?"

"கடைசிக் குழிப் புல்லுக்கு நீ உரத்தை அள்ளிக் கொட்டிட்டேன்னு கேப்டன் சொல்றாரு. புல்லு கம்பியாப் போச்சாம். யாரு அடிச்சாலும் வராதாம்."

மெஷின்காரி கிழங்கைக் கத்தியால் குத்திப் பார்த்தாள். வெந்திருந்தது. இறக்கி வைத்தாள்.

"எல்லாக் குழிக்கும் ஒரே மூட்டைதான போட்டேன்? பக்கத்துல நீங்கதான நின்னீங்க?"

"நின்னேன்."

"சொன்னீங்களா?"

"அவரு கோவமா இருந்தாரு."

"விசாரணையில என்ன பண்ணுவாங்க?"

"மெஷினை உன்கிட்ட இருந்து எடுத்துருவாங்கபோல. கேப்டனோட டிரைவருக்குத் தம்பி ஒருத்தன் சும்மா இருக்கானாம். உன்னைத் திரும்பத் தட்டு கழுவுற இடத்துக்கு…"

பம்ப் ஓட ஆரம்பித்தது. தம்ளர்கள் பேசின.

"எனக்கு ஒண்ணு புரியல" என்றாள் மெஷின்காரி. "பம்ப் ஷெட் குழியில இத்தனை மாசமா அடிச்சாரே. அதுவும் தாடிதான். அதே விதை, அதே உரம், அதே நான். அங்க புறா மாதிரிப் பறந்த பந்து கடைசிக் குழியில ஏன் படுத்துக்கிச்சு?"

ஆமாசார் துண்டை எடுத்து இப்போது தலையைத் துவட்ட ஆரம்பித்தான். முகம் மறையும்படித் துவட்டினான்.

"டேய்" என்றாள் அக்கா. "அந்தத் துண்டை எடு. சின்ன வயசுல இருந்து பாக்குறேன். மூஞ்சிய மூடுனா ஏதோ பண்ணியிருக்கேன்னு அர்த்தம்."

அவன் துண்டை எடுத்தான். தட்டில் இருந்து தோல் உரித்த முட்டை ஒன்றை எடுத்தான். மேஜையில் அடுக்கியிருந்த துண்டுகளின் மேல், புசுபுசுவென்று நூல் எழும்பின பெரிய துண்டு ஒன்று இருந்தது. முட்டையைக் கொஞ்சம் உயரத்தில் இருந்து அதன் மேல் விட்டான். பாதி அமுங்கி உட்கார்ந்தது.

"பந்தைப் போட்டா இப்படித்தான் இறங்கும்" என்றான். "அதனால…"

முட்டையை எடுத்தான். இரண்டு விரலால் நூலை எதிர்ப்பக்கமாகக் கோதி எழுப்பினான். கோதின இடத்தில் முட்டையை மெல்ல, விரலைக் கடைசியாக எடுத்து, நிறுத்தி வைத்தான். நுனியில் நின்றது. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு எழுந்திருக்கிறவன் மாதிரிக் கையை விலக்கினான்.

"இப்படி வைப்பேன்."

"எல்லாப் பந்தையுமா?"

"ஆமா."

"இத்தனை மாசமுமா?"

"முதல் நாள் சும்மாத்தான் போட்டேன். அவரு அடிச்சாரு, அசையல. திருப்பி அடிச்சாரு, அசையல. மட்டையைத் தூக்கி எறிஞ்சாரு. அப்புறம் என் மூஞ்சியப் பாத்தாரு. எனக்குப் பாவமா இருந்துச்சு."

"யாரைப் பாத்து?"

"எல்லாரையும் பாத்துத்தான்."

மெஷின்காரி சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பாத்தீங்களா அண்ணி? உங்க தம்பி பந்து போடல. தொட்டில் கட்டியிருக்காரு. அதுல ஆடிட்டு அந்த மனுஷன் நீச்சல் கத்துக்கிட்டேன்னு கடல்ல குதிச்சிருக்காரு."

"அவருக்குத் தெரியாதாடா, நீ தூக்கி வைக்கிறது?"

"தெரியாதுக்கா. நான் பந்து வைக்கும்போது அவரு குழியில நட்ட கொடியைத்தான் பாத்துட்டு இருப்பாரு."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும். அதுக்குப் பேரு கவனம்னு சொல்லுவாரு."

அக்கா மெஷின்காரியைப் பார்த்தாள். மெஷின்காரி அக்காவைப் பார்த்தாள்.

"நாளைக்கு அங்க வந்து இதைச் சொல்லுவீங்களா?" என்றாள் மெஷின்காரி.

அவன் முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்ல மாட்டீங்க. எனக்குத் தெரியும். உங்க வாய்க்கு ரெண்டு வார்த்தைதான் பழக்கம். வேற ஏதாவது சொன்னா சுளுக்கிக்கும்."

"அப்படி இல்ல. அவரு நம்ம மேல பிரியமா இருக்காரு. எனக்குப் பழைய ஷூவெல்லாம் குடுக்குறாரு."

"ஒரு சைஸ் பெருசு. பஞ்சு வச்சுப் போட்டுக்கிறீங்க. சரி, விடுங்க. நீங்க பேசவே வேண்டாம். நான் ஒண்ணு பண்றேன். பம்ப் ஷெட் குழிப் புல்லு நல்ல புல்லுன்னு அவருதான சொல்றாரு? நாளைக்கு எல்லாரையும் அங்கயே கூட்டிட்டு வர்றேன். அவருக்குப் பழகின இடம், அவருக்குப் பழகின மட்டை. ஒரே ஒரு பந்து. நீங்க போடுங்க. எப்பவும் நீங்கதான போடுவீங்க? யாரும் தப்பு சொல்ல முடியாது. குனிய வேண்டாம், கோத வேண்டாம், நின்ன மேனிக்கு விட்டுருங்க. அந்த நல்ல புல்லுலயும் அவருக்கு வராதுன்னு அவங்களே பாத்துக்கட்டும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வாயைத் திறக்கச் சொல்லல. கையைத் திறந்தா போதும்."

அவன் தலையை ஆட்டினான். பிறகு அந்த முட்டையைச் சாப்பிட்டான். அவன் பசியை எதுவும் ஒன்றும் செய்துவிடாது.

மறுநாள் செக்ரட்டரி அறையில் கேப்டன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். செக்ரட்டரி நல்ல மனிதர். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்வார். பல் டாக்டரம்மாவும் கமிட்டி ஆள் என்பதால் வந்திருந்தாள். தன் ஆஸ்பத்திரியைப் பெரிதாக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லா அறைக்கும் குழாய் வேண்டும். அதனால் அன்றைக்கு அவளுக்குப் புல்லைப் பற்றி அபிப்பிராயம் ஒன்றும் இல்லை.

"ஏம்மா, உரம் எவ்வளவு போட்ட?" என்றார் செக்ரட்டரி.

"எல்லாக் குழிக்கும் போட்ட அளவுதான் சார்."

"கேப்டன் அப்படிச் சொல்லலையே."

"அவரு மூட்டை தூக்கலையே சார்."

கேப்டன் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். "என் கையில இருக்கிற அடி இது. மாசக்கணக்கா அடிச்சுப் பழகினது. ஒண்ணு தப்பினது கிடையாது. எங்கிட்ட குறை இருந்தா நான் ஒத்துக்கிற ஆளு. இந்தம்மா புல்லைக் கெடுத்து வச்சிருச்சு. தெரிஞ்சு பண்ணுச்சோ தெரியாம பண்ணுச்சோ, அது நமக்கு வேண்டாம்."

"எங்க சார் பழகுனீங்க?"

"பம்ப் ஷெட்டுக்குப் பின்னால."

"அந்தப் புல்லு எப்படி?"

"அது புல்லு. அதுதான் புல்லு."

"அதை வெட்டுறதும் நான்தான் சார். ஒரு நடை வாங்க. ஒரே ஒரு பந்து அடிச்சுக் காட்டுங்க. அங்க வந்துருச்சுன்னா தப்பு என்னுதுதான், மெஷின் சாவியைக் குடுத்துட்டுத் தட்டு கழுவப் போறேன். வரலைன்னா உரத்தைப் பத்தி இனிமே பேச வேண்டாம்."

செக்ரட்டரி கடைசியாகப் பேசினவள் பக்கம் சாய்ந்தார். "நியாயமாத்தான் இருக்கு கேப்டன்."

கேப்டன் அறை மூலையில் பையோடு நின்ற ஆமாசாரை ஒரு தரம் பார்த்தார். பிறகு எழுந்து, "வா, போவோம்" என்றார். "பந்தை இவன் போடட்டும்."

"அவரே போடட்டும் சார்" என்றாள் மெஷின்காரி.

தூறல் விட்டு வெயில் அடித்தது. எல்லோரும் பம்ப் ஷெட்டைச் சுற்றி நடந்தார்கள். பெரிய மெஷின் ஷெட் நிழலில் நின்றது. காலையில்தான் கத்தியைத் துடைத்து எண்ணெய் போட்டிருந்தாள். என்ன ஆனாலும் அழுக்கு மெஷினை யார் கையிலும் கொடுக்க அவளுக்கு மனசு வராது. துணிக்கொடியில் துண்டு காயப் போட்டுக்கொண்டிருந்த அக்கா, கிளிப்பை வாயில் கடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

தாடி கணுக்கால் மறைய நின்றது. ஈரம் மினுங்கியது. கேப்டன் மட்டையை எடுத்துக்கொண்டு காலை ஊன்றி நின்றார். கொடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆமாசார் பையில் இருந்து பந்தை எடுத்தான். புல்லின் ஓரத்தில் போய் நின்றான். கையை நீட்டினான். மெஷின்காரி அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் இந்த விரல்களால்தான் அவள் காலில் குத்தின கண்ணாடித் துண்டை வலிக்காமல் எடுத்தான். நல்ல விரல்கள். கொஞ்சம் விரிந்தால் போதும்.

அவன் கை கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.

பிறகு குனிந்தான். முழங்காலை மடக்கி, புல்லுக்கு முகத்தைக் காட்டி, முதுகை அவர்களுக்குக் காட்டிக் குனிந்தான். இரண்டு விரலால் கோதினான். பந்தை வைத்தான். விரலைக் கடைசியாக எடுத்தான்.

செக்ரட்டரி ஆகாயத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்த்தார். பல் டாக்டரம்மா தன் ஷூவில் ஒட்டின சேற்றைப் பார்த்தாள். கேப்டன் கொடியைப் பார்த்தார். பந்து மட்டும் புல் நுனியில், தட்டில் வைத்த முட்டை மாதிரி, எல்லோருக்கும் தெரிய உட்கார்ந்திருந்தது.

அடித்தார். அழகாகத்தான் போனது. எழும்பி, நிதானமாக இறங்கி, இரண்டு தத்து தத்திக் குழிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தது.

"பிரமாதம்" என்றார் செக்ரட்டரி.

"பாத்தீங்களா? நல்ல புல்லு இது" என்றார் கேப்டன். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. மட்டையை ஆமாசாரிடம் நீட்டும்போது, நாயின் தலையைத் தடவுகிற குரலில், "நல்லா வச்சே" என்றார்.

சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. ஒருவரும் கேட்ட மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. ஆமாசார் மட்டும் நிமிர்ந்து பார்த்தான். இத்தனை மாதமும் தான் ஒருவன்தான் அந்த ரகசியத்தைச் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான், பாவம். பையைத் தூக்கினவனுக்கு உள்ளே இருப்பது என்ன என்று தெரியவில்லை.

"அப்ப புல்லுலதான் கோளாறுன்னு ஆச்சு" என்றார் செக்ரட்டரி. "என்ன பண்ணலாம் கேப்டன்?"

ஜெயித்த மனிதனுக்குத் தாராளம் வந்துவிடும். "போனாப் போகுது. நம்ம ஆமாசாரோட சம்சாரம். மெஷினை எடுக்க வேண்டாம். அந்தம்மாவே ஓட்டட்டும். கவனக்குறைவா இருந்துட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். போதும்."

ஆமாசாரின் முகம் விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்தது. பெண்டாட்டி பக்கத்தில் ஓடி வந்து மெதுவாகச் சொன்னான்: "பாத்தியா? நான் எப்பவும் வைக்கிற மாதிரி வச்சதாலதான். வேலை போகல. ஒரு வார்த்தை. சொல்லிரு."

"சொல்லணுமா?"

"சொல்லிரு."

"அது உங்களுக்கு வர்ற மாதிரி எனக்கு வராதே."

அவள் கேப்டனிடம் திரும்பினாள். "மன்னிப்பு உங்ககிட்டயா சார், புல்லுகிட்டயா?"

"என்னது?"

"புல்லுகிட்டன்னா கேக்கலாம். அது பாட்டுக்கு நின்னுச்சு. அதைப் போய்க் கம்பின்னு சொல்லியாச்சு."

"இந்தாம்மா, மரியாதை…" என்று ஆரம்பித்தார் செக்ரட்டரி.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். ஷூவுல தெறிக்கும்."

ஷெட்டுக்குப் போய் மெஷினில் ஏறி உட்கார்ந்தாள். முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. பெட்ரோல் வாசனை வந்தது. கத்தியை இறக்கினாள், தாடிக்குள் விட்டாள். கேப்டன் நின்ற இடத்துக்கு வந்தபோது வேகத்தைக் குறைக்கவில்லை; அவர்தான் குதித்துக் கிரீன் மேலே ஏறினார். கேப்டன் குதித்ததை இந்தக் கிளப் அன்றுதான் பார்த்தது. பல் டாக்டரம்மா குடையை விரித்துக்கொண்டாள், மழையே இல்லாமல். ஒரு சுற்று, இரண்டாவது சுற்று. வெட்டுப்பட்ட புல் பச்சையாகப் பறந்து எல்லோர் காலிலும் விழுந்தது. இத்தனை ஆத்திரத்திலும் வரி கோணவில்லை. கோணலாக வெட்ட அவளுக்கு வராது.

முடித்தபோது குழியைச் சுற்றி மழமழவென்று இருந்தது. அங்கே இனிமேல் ஒரு பந்தும் ஒளிந்துகொள்ள முடியாது. யாரும் எதையும் கோதவும் வேண்டாம்.

இறங்கினாள். கத்தியில் ஒட்டின புல்லை மரச் சீவலால் சுரண்டி எடுத்தாள். எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பதற்காக அந்த வேலையை அவசரப்படுத்தவில்லை. பிறகு சாவியை உருவிக்கொண்டு புருஷனிடம் வந்தாள்.

"கையை நீட்டுங்க."

நீட்டினான். சட்டென்று, மலர, ஐந்து விரலும் விரிய நீட்டினான். அவள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கொஞ்சம் உயரத்தில் இருந்து சாவியை அதில் விட்டாள்.

"இவ்வளவுதான் வேலை" என்றாள். "இதைத்தான் நேத்து சொன்னேன்."

"ஏய், எங்க போற? தட்டு கழுவவா?"

"தட்டு கழுவ இவரு டிரைவரோட தம்பி வரட்டும். கல்லறைத் தோட்டத்துல புல்லு வெட்ட ஆள் கேட்டாங்க. அங்க படுத்திருக்கிறவங்க யாரும் உத்தரவு போட மாட்டாங்க."

கேப்டன் ஏதோ சொன்னார். "ஆமா சார்" என்று குரல் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் அக்கா கிளிப்பை வாயில் இருந்து எடுத்தாள். "என்னம்மா ஆச்சு? இங்க இருந்து ஒண்ணும் சரியாத் தெரியல. தம்பி கையைத் திறந்தானா?"

"திறந்தாரு அண்ணி" என்றாள் மெஷின்காரி, ஈரத் துண்டின் மறு முனையைப் பிடித்துக்கொண்டே. "பந்து போன பிறகு."